சூட்டில மட்டும் பிடிக்காத பிரேக்

கராஜுக்குப் புதுசா வந்திருக்கிற தம்பிமாருக்கு,

முப்பது வயசுக்கு முதல் ரிட்டயர் ஆன மெக்கானிக்கை நீங்க கண்டிருக்க மாட்டீங்க. வடிவாப் பாத்துக்கொள்ளுங்க, நான்தான். பென்ஷன் இல்ல, மாலை போடேல்ல, போகேக்க ஒருத்தனும் ஒரு பிளேன்டீ கூட வாங்கித் தரேல்ல. இப்ப த்ரீவீல் ஓட்டுறன். உங்கள்ள ரெண்டு பேர் போன கிழமை என்ர வண்டியில ஏறி, மீட்டர் ஓடுற விதம் சரியில்லை எண்டு கொட்டாஞ்சேனையில இருந்து மருதானை வரைக்கும் சண்டை பிடிச்சவங்க. மூஞ்சி ஞாபகம் இருக்கு. பயப்படாதீங்க, கோவம் இல்ல.

நான் படிச்சது ஓ லெவல் சோதனை வரைக்கும். வரைக்கும் தான், உள்ளுக்குப் போகேல்ல. அதால எழுத்துப் பிழையைக் கண்டா சிரிச்சிட்டுப் போங்க. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கிறது எண்டதை முதலாளி சொல்லித் தருவார், சொல்லித் தராட்டி போனில வீடியோ இருக்கு. வீடியோவில இல்லாத ஒண்டைத் தான் நான் சொல்ல வந்தனான். சுத்திவர எல்லாரும் கத்தேக்க, நீங்க மட்டும் ஒண்டைக் கண்டா, என்ன செய்யிறது எண்டது. எனக்கு அதுக்கு இன்னும் விடை தெரியாது. அதையும் இப்பவே சொல்லிடுறன், பிறகு ஏமாத்திப்போட்டான் எண்டு சொல்லப்படாது.

முதல்ல என்ர வியாதி. எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வரும். சின்னனில இருந்தே அப்படித்தான். அம்மா அடிக்கத் தடி எடுத்தாலும் சிரிப்பன், அதுக்கு இன்னும் ரெண்டு விழும். ஒரு நாள் டெரி ஒரு வேனுக்குக் கீழ படுத்திருந்தான். டெரி எங்கட கராஜில பிரேக் வேலைக்காரன், என்ர கூட்டாளி, ஒரே லேன்ல பிறந்து வளந்தவங்க நாங்க. வேனைத் தூக்கி வச்ச ஜக் வழுக்கி வேன் இறங்கிட்டுது. அவன்ர நெஞ்சுக்கும் வேனுக்கும் நடுவில ஒரு ரொட்டி போற இடம் தான் மிச்சம். நான் அப்படியே சுவரில சாஞ்சு சிரிக்கிறன். டெரி வெளிய வந்து ஸ்பேனரால எறிஞ்சான். ஒரு மாசம் கதைக்கேல்ல. ஜக்கை மட்டும் நம்பி ஒரு வண்டிக்கும் கீழ போகாதீங்க, கட்டை வைங்க. சிரிக்கிறவன் எல்லாம் சந்தோஷத்தில சிரிக்கிறான் எண்டும் நினைக்காதீங்க.

இனி ஆமையின்ர கதை.

வெள்ளவத்தையில கடல் பக்கம் இறங்குற ஒரு லேன்ல ஒரு ஃபிளட். அந்த ஃபிளட்டின்ர பார்க்கிங்கில ஒரு மனுசன் வருசக்கணக்கா ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். குலம் அண்ணை. ஷிப்பிங் ஒபிஸ் ஒண்டில கிளார்க். வேலை முடிஞ்சு வந்து ஷேர்ட்டைக் கழட்டிப்போட்டு சாரத்தோட காருக்குள்ள புகுந்தா, சாப்பிடக் கூப்பிட ஆள் அனுப்பவேணும். அவற்ற மனுசி சொல்லுவா, எனக்கு ஒரு பிள்ளை, அவருக்கு ரெண்டு எண்டு.

காரின்ர உடம்பு, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். தெமட்டகொடையில ஒரு வீட்டுப் பின்வளவில கோழி அடைஞ்சு கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தவர். முதுகு உருண்டையா இருக்கும், அதால நான் ஆமை எண்டு பேர் வச்சன். எஞ்சின் ஜப்பான், பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில எடுத்தது. சீட் தைச்சது அவர், பெயின்ட் அவர், வயரிங் அவர். எல்லாம் வடிவு. ஆனா கிழவனுக்குப் பெடியன்ட இருதயத்தை வச்ச மாதிரி. ஓட மட்டும் தெரியும், நிக்கத் தெரியாது. கொஞ்சம் ஓடினா ரேடியேட்டர் கொதிக்கும்.

எங்கட கராஜுக்கு அவர் ஆமையைக் கொண்டு வந்த அண்டைக்கு, பொனட்டால ஆவி பறக்குது. லேன் வாசல்ல பேவ்மென்ட் கல்லில டயரை உரசி உரசித் தான் நிப்பாட்டினவர். இறங்கி, சேலை உடுத்த பெம்பிளையைப் பாக்கிற மாதிரி ஒருக்கா காரைப் பாத்தார்.

"அண்ணை, இது காரா, இடியப்பச் சட்டியா?" எண்டு கேட்டன்.

"ரெண்டும் தான் தம்பி. அதுக்குத் தானே உங்களிட்ட வந்தனான்" எண்டார். பகிடிக்குக் கோவிக்காத மனுசன். அதால எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு.

அப்ப தான் விசயத்தைச் சொன்னார். மகள் ஆரணிக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ளை அவுஸ்திரேலியா. கல்யாணம் முடிஞ்ச கையோட அவவும் போயிடுவா.

"வீட்டுக் கேட்டில இருந்து மண்டபத்துக் கேட் வரைக்கும் நான் அவவை இதில ஏத்திக்கொண்டு போகவேணும். ஒரு தரம் போதும் தம்பி. அதுக்குப் பிறகு திரும்ப கோழி அடைஞ்சாலும் பரவாயில்ல."

முதலாளி வேலையைப் பிரிச்சுக் குடுத்தார். பிரேக் டெரிக்கு. கூலிங் எனக்கு. சைலன்சர் குழாய் மட்டும் பக்கத்து லேன்ல வெல்டிங் செய்யிறவரிட்ட போகும், அது எப்பவும் அங்க தான் போகும். எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்கு இதுக்குள்ள விளங்கியிருக்கும். ஒருத்தன் மூடினதை இன்னொருத்தன் திறக்கமாட்டான். திறந்தா, என்ர வேலையில நம்பிக்கை இல்லையா எண்டு கேள்வி வரும். பிறகு ஒரு வருசத்துக்கு டீ கூடச் சேந்து குடிக்கேலாது.

டெரி முன்னுக்கு பழைய பிரேக்கைக் கழட்டி எறிஞ்சு டிஸ்க் பிரேக் போட்டான். வடிவான வேலை, இப்பவும் சொல்லுவன். நான் ஒரு வேன் ரேடியேட்டரை வெட்டி ஒட்டி, கரன்ட் ஃபேன் ரெண்டு வச்சன். கொழும்பு வெயில்ல காலி வீதியில ஒரு மணித்தியாலம் நிண்டாலும் சூட்டு மீட்டர் ஊசி நடுவில தான் நிக்கவேணும், அது தான் என்ர சபதம்.

குலம் அண்ணை ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, தம்பி கூலன்ட் எது நல்லம், தம்பி எந்தக் கலர் ஊத்துறது எண்டு கேப்பார். ஒரு நாள் நான் சொன்னன், "அண்ணை, கூலன்டை விடுங்க. தம்பிலி ஊத்துங்க. உடம்புக்கே அவ்வளவு குளிர்ச்சி எண்டா எஞ்சினுக்கு எப்பிடி இருக்கும்?" அடுத்த நாள் பஸ்ஸில வெள்ளவத்தையில இருந்து ஒரு குலை செவ்விளநீரைத் தூக்கிக்கொண்டு மனுசன் வந்து இறங்குறார். கராஜ் முழுக்க விழுந்து சிரிச்சது. அவரும் சிரிச்சார். எல்லாரும் ஆளுக்கொண்டு வெட்டிக் குடிச்சம். அந்தத் தம்பிலி எவ்வளவு இனிப்பா இருந்தது எண்டு எனக்கு இப்பவும் நாக்கில இருக்கு. அதின்ர விலை பிறகு தான் தெரிஞ்சது.

கடைசியா டெஸ்ட். விடிய வெள்ளன பேலியகொடைப் பக்கம் கொண்டு போனம். ரோட்டு வெறிச்சோடிக் கிடக்கு, மீன் லொறி போன மணம் மட்டும் இருக்கு. டெரி தான் கார் ஓடினான். அடிச்சுக்கொண்டு போய் பிரேக்கைப் போட்டா, ஆமை அப்பிடியே தரையில ஒட்டின மாதிரி நிக்குது. பின் சீட்டில இருந்த குலம் அண்ணை முன் சீட்டில நெத்தியை மோதிப்போட்டு, நெத்தியைத் தடவிக்கொண்டே, "இன்னொருக்கா தம்பி, இன்னொருக்கா" எண்டார். ஊசி நடுவில. பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுக்கம். மூண்டு பேரும் றோட்டோரத்தில நிண்டு டீ குடிச்சம்.

இந்த இடத்தில கொஞ்சம் நில்லுங்க. பிரேக்கை நாங்க எல்லாரும் வேகத்தில தான் டெஸ்ட் பண்ணுவம். வேகத்தில போய் நிண்டா பிரேக் பாஸ். ஆனா ஒரு கல்யாணக் கார் எப்ப வேகத்தில போகும்? உலகத்திலயே மெதுவா ஓடுற வண்டி அது தான். மத்தியான வெயில்ல, ட்ரபிக்கில, முதல் கியரில, ரெண்டடிக்கு ஒருக்கா பிரேக். அதை ஒருத்தரும் டெஸ்ட் பண்ணேல்ல. எங்களுக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தோணேல்ல.

கல்யாணத்தண்டைக்கு குலம் அண்ணை என்னை முன் சீட்டில வரச்சொல்லிட்டார். ஏதும் எண்டால் பாக்கிறதுக்கு. புது ஷேர்ட், காலுக்குக் கீழ டூல்ஸ் பேக். அவர் பட்டு வேட்டியோட ஸ்டியரிங்கில. பின்னுக்கு ஆரணியும் அம்மாவும். ஆரணி ஏறேக்க காரின்ர கூரையை ஒருக்காத் தட்டிட்டு, "அப்பா, உங்கட மூத்த பிள்ளை இண்டைக்கு வடிவா இருக்கு" எண்டா. மனுசன்ர முகத்தைப் பாத்தனான். பாத்ததால தான் இண்டைக்கும் நித்திரை இல்ல.

காலி வீதியில அண்டைக்கு எறும்பு ஊர்ந்தது, நாங்க ஊரேல்ல. முன்னுக்கு பஸ், பின்னுக்கு பஸ், வலது பக்கம் ஒரு பெற்றோல் பவுசர். நான் ஊசியை மட்டும் பாத்துக்கொண்டு வாறன். நடுவில நிக்குது. என்ர ரெண்டு ஃபேனும் பாடுது. பெருமையில நெஞ்சு வெடிக்கப் பாக்குது.

அப்ப தான் என்ர காலில சூடு பட்டுது.

தரையால வருது சூடு. முதல்ல வெயில் எண்டு நினைச்சன். பிறகு யோசிச்சன். என்ர ஃபேன் ரெண்டும் ரேடியேட்டர்ச் சூட்டை எடுத்து எங்க அனுப்புது? பின்னுக்கு, கீழுக்கு. ஓடுற கார் எண்டா காத்து அடிச்சுக்கொண்டு போயிடும். நிக்கிற காரில அது அங்கயே நிக்கும். சரி, கீழ என்ன இருக்கு? சைலன்சர் குழாய். வெல்டிங் ஆள், என்ர பெரிய ரேடியேட்டருக்கு இடம் விட்டு, குழாயை ட்ரைவர் பக்கமா வளைச்சுக் கொண்டு போயிருந்தார். ட்ரைவர்ட காலுக்குக் கீழ இன்னும் என்ன இருக்கு? டெரி போட்ட, பிரேக் ஒயில் போற லைன். டெரி அதைப் போடேக்க அந்தக் குழாய் அங்க இல்ல.

பிரேக் ஒயில் கொதிச்சா ஆவி வரும். ஆவி வந்தா பெடல் காத்தைத் தான் அமத்தும், கார் நிக்காது. மூண்டு பேரும் வேலையைச் சரியாத் தான் செய்திருந்தம். மூண்டு பேருக்கும் நடுவில என்ன நடக்குது எண்டு பாக்க ஆள் இருக்கேல்ல.

திரும்பி குலம் அண்ணையின்ர முழங்காலைப் பாத்தன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூடக் கீழ போகுது. பிறகு ரெண்டு தரம் மிதிக்கிறார். பிறகு மூண்டு தரம்.

"அண்ணை, பெடல் எப்பிடி?"

"கொஞ்சம் கீழ போகுது. பரவாயில்ல, இந்தா வந்திட்டம்."

மண்டபம் தெரியுது. அந்த மண்டபத்துக்கு றோட்டில இருந்து சரிவா இறங்கவேணும். கேட்டில இருந்து வாசல் வரைக்கும் ஒரு இறக்கம். இறக்கத்தின்ர அடியில நாதஸ்வரக்காரர், ஆலாத்தித் தட்டோட பெம்பிளையள், பட்டுப்பாவாடை கட்டின சின்னப் பிள்ளையள், வீடியோக்காரன். முன்னுக்கே எங்கட முதலாளியும் டெரியும். டெரி போனைத் தூக்கிப் பிடிச்சு, தன்ர பிரேக் போட்ட கார் வாறதைப் படம் எடுக்கிறான்.

"அண்ணை, இஞ்சயே நிப்பாட்டுங்க. இறங்காதீங்க. பிரேக் போகுது."

அவர் என்னைத் திரும்பிப் பாத்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தன் தெரியுமா? சிரிச்சுக்கொண்டிருந்தன்.

"இதென்ன தம்பி, தம்பிலிக் கதையா? இண்டைக்கு வேண்டாம்."

"அம்மாவாணை அண்ணை. நிப்பாட்டுங்க."

பின்னால அண்ணையின்ர மனுசி சொல்றா, "தம்பி, கல்யாணப் பொம்பிளை ஏறின கார் வழியில நிக்கப்படாது. நேரமும் போகுது." ஆரணி கண்ணாடியில என்னைப் பாக்கிறா.

நாதஸ்வரம் தொடங்கிட்டுது. கேட்டில நிண்டவர் வா வா எண்டு கையைக் காட்டுறார். அண்ணை ஸ்டியரிங்கை ஒடிக்கிறார், மூக்கு கேட்டுக்குத் திரும்புது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தன். அது நிண்ட காரைப் பிடிக்குமே தவிர இறக்கத்தில ஓடுற காரைப் பிடிக்காது. இன்னும் சரிவு தொடங்கேல்ல, அதால பிடிச்சது. கீயைத் திருப்பி எஞ்சினை நிப்பாட்டினன். அவர் என்ர கையைப் பிடிச்சு கீயைப் பறிக்கப் பாத்தார். நான் அதை இழுத்து எடுத்து ஜன்னலால எறிஞ்சன். றோட்டோரக் கானுக்குள்ள விழுந்தது. அந்தக் கறுப்புத் தண்ணி உங்களுக்குத் தெரியும் தானே, அதுக்குள்ள விழுந்தது திரும்பி வராது.

நாதஸ்வரம் நிண்டுட்டுது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாச் சொல்றன், விரிவாச் சொல்ல என்னால ஏலாது. காலி வீதி முழுக்க ஹோர்ன். ட்ரபிக் பொலிஸ்காரர் ஓடி வந்து, "மல்லி, மேக்க அயின் கரன்ன, இக்மனட்ட" எண்டு சிங்களத்தில கத்துறார், கெதியா எடு இதை எண்டு. ஆரணி காரில இருந்து இறங்கி, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, பஸ்ஸில இருக்கிற சனம் எல்லாம் எட்டிப் பாக்க, அந்த இறக்கத்தால நடந்து போறா. பக்கத்தில அம்மா மட்டும். குலம் அண்ணை அவவோட நடக்கேல்ல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு, எங்களோட சேந்து தன்ர காரைப் பேவ்மென்ட் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு ஓடிப் போய் மேடையில ஏறினவர். தாரை வாக்கேக்க கையெல்லாம் கறுப்பு. கழுவ நேரம் இல்ல. வீடியோவில இருக்காம்.

தாலி கட்டி முடிஞ்சு, சனம் பந்திக்கு இருந்த பிறகு தான் ஆம்பிளையள் ஒவ்வொருத்தரா கார் நிண்ட இடத்துக்கு வந்தவங்க. வீட்டில இருந்து மற்றக் கீ வந்திட்டுது. முதலாளி டெரியைப் பாத்து, "ஏறி மிதிச்சுப் பார்" எண்டார்.

டெரி மிதிச்சான். கல்லு.

இன்னொருக்கா மிதிச்சான். கல்லு. பொலிஸ்காரரும் தன்ர பூட்ஸ் காலால ஒருக்கா மிதிச்சுப் பாத்தார். "பிரேக் ஹொந்தய் நே" எண்டார். நல்லாத்தானே இருக்கு எண்டு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

சூடு ஆறினா ஆவி திரும்ப ஒயில் ஆகிடும் தம்பிமாரே. பெடல் பழையபடி வந்திடும். அடையாளம் ஒண்டும் மிஞ்சாது. நிழல்ல நிண்ட கார் அது. நான் சொன்னன், இப்பவே ஸ்டார்ட் பண்ணி, ஃபேனைப் போட்டு, காலி வீதியில திரும்ப ஒரு மணித்தியாலம் ஊர்ந்து பாப்பம் எண்டு. மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருத்தர், "இவனுக்கு இன்னும் பகிடி முடியேல்லப் போல" எண்டார். முதலாளி திங்கக்கிழமை வரவேண்டாம் எண்டு மட்டும் சொன்னார்.

டெரியை அவன்ர வீட்டில போய்ப் பிடிச்சன். "மச்சான், குழாய்க்கும் உன்ர லைனுக்கும் நடுவில விரல் போகாது. கீழ படுத்து ஒருக்கா பார்" எண்டன்.

அவன் வெளிய வந்து கதவைச் சாத்தினான். பிறகு, "பெடல் கல்லு மாதிரி இருந்தது மச்சான்" எண்டான்.

"ஆறின பிறகு கல்லு தான்டா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா எல்லாருக்கும் முன்னால மிதிச்சது நான். இனி நான் போய் அது பிழை எண்டு சொன்னா, கொட்டாஞ்சேனையில எவன் எனக்குப் பிரேக் வேலை தருவான்?" எண்டான். பிறகு, "நீயும் சிரிச்சுக்கொண்டு தானேடா நிண்டனி. போனில இருக்கு" எண்டான்.

போனைக் காட்டினான். இருக்குது தான். ஜன்னலால கை வருது, கீ பறக்குது, பின்னால என்ர மூஞ்சி. பல்லெல்லாம் தெரியுது. அதைப் பாத்தா நானே நம்பமாட்டன்.

வெள்ளவத்தைக்கும் போனனான். வேலையைத் திரும்பத் தாங்க எண்டு கேக்கப் போகேல்ல. அந்த லைனை மட்டும் வேற பக்கத்தால கொண்டு போக விடுங்க எண்டு கேக்கப் போனனான். குலம் அண்ணை கிரில் கதவைத் திறக்கேல்ல. கம்பிக்கு அங்கால நிண்டு கதைச்சார். ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏசேல்ல.

"பெடல் கீழ போனது உண்மை தானே அண்ணை? உங்கட காலுக்குத் தெரியும் தானே?"

"நீ பயப்படுத்தினதில எனக்கும் அப்பிடித் தான் பட்டுது" எண்டார். "அண்டைக்குப் பின்னேரம் நான் தானே காரை ஓடிக்கொண்டு வந்தனான். ஒரு குறையும் இல்ல."

"பின்னேரம் குளிர் அண்ணை. ட்ரபிக்கும் இல்ல."

அவர் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். "தம்பி, எனக்கு ஒரு மகள் தான்" எண்டார். உள்ளுக்குப் போயிட்டார்.

அவரில பிழை இல்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க. எத்தினை வருசம் தன்ர கையால கட்டின கார், மகளையும் வாசல்ல நிண்ட சனத்தையும் கொல்லப் பாத்தது எண்டு நம்புறதை விட, ஒரு காவாலி விளையாடிப்போட்டான் எண்டு நம்புறது லேசு. நான் எண்டாலும் அதைத் தான் நம்புவன். டெரியிலயும் பிழை இல்ல. அவன் அந்த இறக்கத்தின்ர அடியில தான் நிண்டவன் எண்டு ஒரு நாளும் அவனுக்கு நான் சொன்னதில்ல. அவனுக்குத் தெரியும்.

அதுக்குப் பிறகு நான் கேட்ட கராஜெல்லாம் ஒரே பதில். நீ தானே கீயை எறிஞ்சவன். சிரிச்சுச் சிரிச்சுத் தான் கேப்பாங்க. சிலர் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி, டீயும் வாங்கித் தருவாங்க. வேலை மட்டும் தர மாட்டாங்க. நான் ரிட்டயர் ஆன விதம் அது தான்.

நீங்க நினைப்பீங்க, உண்மை ஒரு நாள் வெளிய வரும் தானே எண்டு. என்ர பயமே அது தான். இந்த உண்மை எப்பிடி வெளிய வரும் எண்டு கொஞ்சம் யோசியுங்க. வெயில், ட்ரபிக், ஒரு இறக்கம், கீழ சனம். அண்டைக்குத் தான் எல்லாரும் சொல்லுவாங்க, அந்தப் பெடியன் சொன்னது சரி எண்டு. எனக்கு அந்தச் சரி வேண்டாம். நான் சாகும் வரைக்கும் காவாலியா இருந்திட்டுப் போறன்.

ஆமை இப்பவும் ஓடுது. குலம் அண்ணை அதை ஞாயிற்றுக்கிழமை காலமை மட்டும் எடுப்பார். வெறும் றோட்டு, கடல் காத்து, தனி ஆள். அதால இது வரைக்கும் ஒண்டும் நடக்கேல்ல. போன மாசம் என்ர வண்டியில அந்த ஃபிளட்டில இருக்கிற ஒரு அன்ரி ஏறினவ. கதையோட கதையாச் சொன்னா, ஆரணி டிசம்பர் லீவுக்கு வாறாவாம். கைக்குழந்தையோட. தாத்தா காருக்குப் புதுசா பொலிஷ் போட்டு, பேரப்பிள்ளைக்குப் பின் சீட்டில குழந்தை சீட் பூட்டிக்கொண்டு நிக்கிறாராம். எயார்போர்ட்டில இருந்தே ஆமையில தான் கொண்டு வருவாராம். அந்த றோட்டில டிசம்பர் ட்ரபிக் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ட்ரைவ் பண்ணுறவரைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

அதுக்குத் தான் இதை எழுதுறன். டிசம்பருக்கு முதல் ஆமை எங்கயாவது ஒரு கராஜுக்கு வரும். ஒயில் மாத்த வரும், இல்லாட்டி கண்ணாடிக்கு வரும். கிரீம் கலர், உருண்டை முதுகு, பின் ஜன்னல்ல ஒரு பிள்ளையார். வந்தா, அவர் டீ குடிக்கப் போகேக்க ட்ரைவர் பக்கத்தால கீழ படுங்க. கட்டை வச்சிட்டுப் படுங்க. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில பிரேக் லைன் போகும். அதைக் கழட்டி மற்றப் பக்கத்தால கொண்டு போங்க, நடுவில ஒரு தகரம் அடியுங்க, பழைய ஒயிலை எடுத்திட்டுப் புது ஒயில் ஊத்துங்க. பில்லில போடாதீங்க. கேட்டா, அண்ணை ஒரு கிளிப் லூசா இருந்தது, இறுக்கி விட்டனாங்க எண்டு சொல்லுங்க. என்ர பேரை மட்டும் வாயில எடுக்காதீங்க. எடுத்தா அவர் கையை வைக்க விடமாட்டார்.

நீங்களும் நம்பாட்டி, நான் ஒண்டும் செய்யேலாது. கீயை எறிஞ்சவன் சொல்றதைக் கேட்டு ஏன் இன்னொருத்தன் மூடினதைத் திறப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமையும் ஆமையைக் கண்டனான். வெள்ளவத்தைப் பாலத்துக்கிட்ட. இப்பெல்லாம் கண்டா நான் ஒரு வேலை செய்யிறனான். ஓவர்டேக் பண்ணி அதுக்கு முன்னால போய், அது போற வேகத்திலயே போவன். பின்னால பிரேக் இல்லாமப் போனா, றோட்டைக் கடக்கிற சனத்தில படாமல் முதல்ல என்ர த்ரீவீல்ல படட்டும் எண்டு. வேற ஒண்டும் எனக்குச் செய்யத் தெரியேல்ல.

குலம் அண்ணைக்கு அது என்ர வண்டி எண்டு தெரியும். விலத்து விலத்து எண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டே வந்தார். கண்ணாடியில பாத்தன். தலையை ஆட்டுறார், இவன் இன்னும் திருந்தேல்ல எண்டு. எனக்குப் பயத்தில வாய் தானாச் சிரிக்குது. அதையும் அவர் என்ர வண்டிக் கண்ணாடியில பாத்திருப்பார்.